அவர் பேச்சே அப்படித்தானா?

(நாமகிரிப்பேட்டையில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் பேசியது)



வகுப்பில் இடக்கரடக்கல் நடத்துகிறோம். பலர் முன் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது. நன்னூல் அதைத் தகுதி வழக்கில் வைக்கிறது என்று கரும்பலகையில் எழுதுகிறோம். மணி அடித்து ஆசிரியர் அறைக்கு வந்தால், சில பள்ளிகளில் மறைப்பதற்கு ஒன்றுமே மிச்சமிருப்பதில்லை. எமிஸ் திறக்கவில்லை என்றால் ஒரு கெட்ட வார்த்தை, பதிவேடு காணவில்லை என்றால் இன்னொன்று.

கேட்டால், "அவர் பேச்சே அப்படித்தாங்க, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டார்" என்பார்கள். அப்படிப்பட்ட ஒரு தலைமையாசிரியரிடம் நானும் வேலை பார்த்திருக்கிறேன். தூய்மைப் பணியாளர் அம்மாவுக்குத் தினமும் வசை. புதிதாக வந்த ஆசிரியருக்கு வாரத்தில் இரண்டு நாள். மாவட்ட அலுவலர் ஆய்வுக்கு வந்த நாளில் மட்டும் காலை முதல் மாலை வரை ஒரு தகாத சொல்கூட வரவில்லை. நாக்குப் பழக்கம் என்றால் அது ஆள் பார்த்தா வரும்? அன்று முதல் 'பழக்கம்' என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை. திருப்பிக் கேட்க முடியாதவர் யார் என்று அந்த நாக்குக்கு நன்றாகத் தெரிகிறது.

இன்னொன்று. தவறு செய்தவர் எதிரே நிற்கிறார்; சொல் போய் விழுவதோ அவருடைய தாய் மீது, அல்லது பிறப்பின் மீது.

கண்டிக்கவே கூடாதா என்று தலைமையாசிரியர்கள் கேட்கலாம். தாராளமாகக் கண்டிக்கலாம். செகந்திராபாத்திலுள்ள ஒரு நிறுவனத்தின் இயக்குநர் மீது உதவிப் பேராசிரியர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பணி தொடர்பாக மேலதிகாரி கடிந்துகொள்வதை மட்டும் வைத்து, அதை இந்திய தண்டனைச் சட்டத்தின் 504ஆம் பிரிவில் வரும் வேண்டுமென்றே அவமதித்த குற்றமாக்க முடியாது என்றது. அதை வசைபாட உரிமம் என்று யாரும் படித்துவிட வேண்டாம். சாதியைச் சொல்லித் திட்டினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பெண்களிடம் பாலியல் சாயலுள்ள சொற்களைப் பேசினால் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் இடமென்றால் மாவட்டத்திலுள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

எல்லாவற்றுக்கும் புகார் வரை போக வேண்டியதில்லை. அந்தத் தலைமையாசிரியரிடம், மற்றவர்கள் போன பிறகு, "ஐயா, வேலையில குறை இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன். அந்த வார்த்தை மட்டும் வேண்டாங்க" என்றேன். முகம் சிவந்தது, பதில் இல்லை. என்னிடம் நின்றது. அந்த அம்மாவிடம் நிற்கவில்லை. பிறகு நாங்கள் நான்கு பேர் சேர்ந்து போய் அவருக்காகவும் கேட்டோம். அதன்பின்தான் குறைந்தது.

நிற்காவிட்டால் தேதி, நேரம், உடனிருந்தவர் பெயர் எல்லாவற்றையும் அன்றே எழுதி வையுங்கள். சொன்ன சொல்லையும் அப்படியே எழுதுங்கள். 'தகாத வார்த்தையால் திட்டினார்' என்று மட்டும் எழுதினால் விசாரணையில் பிடி கிடைக்காது. தமிழாசிரியர்களுக்குக் கை கூசும். ஆனால் புகார் மனுவில் இடக்கரடக்கல் உதவாது.

சக ஆசிரியர்கள் விளையாட்டாகப் பேசிக்கொள்வதுதான் இன்னும் சிக்கல். இருவருக்கும் சம்மதம்தானே என்பார்கள். ஆசிரியர் அறைக்கும் ஏழாம் வகுப்புக்கும் நடுவே பல பள்ளிகளில் ஒரு ஜன்னல்தான் இருக்கிறது. லாரிப் பட்டறையிலும் மஞ்சள் மண்டியிலும் அந்தச் சொற்களைக் கேட்டுவிட்டு வரும் பிள்ளைகள், சார் வாயிலிருந்தும் அதையே கேட்கிறார்கள். பிறகு அதே பையனை அதே சொல்லுக்காக வெளியே நிற்க வைக்கிறோம்.

உங்கள் பள்ளியில் உள்ளகக் குழு இருக்கிறதா, அதில் யார் யார் உறுப்பினர்கள் என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள். அந்தத் தூய்மைப் பணியாளருக்கும் அந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.