வெள்ளை மாத்திரைன்னு சொன்னா போதாது!
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியது)



சேமிப்பு, கடன், வட்டி பேசுகிற இந்தக் கூட்டத்தில் இன்னிக்கு ஒரு மாத்திரையைப் பத்திப் பேச வந்திருக்கோம்.

எங்க குழுவுல ஒரு அக்கா. அவங்க மாமியாருக்கு இதய வால்வு சுருங்கிப் போச்சு. நெஞ்சைத் திறக்காமலே, தொடை ரத்தக்குழாய் வழியா மெல்லிய குழாயை விட்டுப் புது வால்வு வெச்சாங்க. இந்த முறையை முதன்முதலா 2002-ல் பிரான்சு நாட்டு டாக்டர் அலன் கிரிபியே செய்தார். பாட்டிக்கு இதயத்துடிப்பும் சீரா இல்லாததால, ரத்தம் உறையாம இருக்க தினமும் ஒரு மாத்திரை. ஒருநாள் தண்ணித் தொட்டி பக்கம் வழுக்கி விழுந்து தலையில அடி. ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" நம்ம அக்காவால "வெள்ளை மாத்திரை"ன்னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சது. மகன் வண்டியில ஊருக்குத் திரும்பி அட்டையை எடுத்துட்டு வர ஒரு மணி நேரம் ஆச்சு. பாட்டி பிழைச்சுட்டாங்க. ஆனா அந்த ஒரு மணி நேரத்தை நாங்க யாரும் மறக்கல.

டாக்டர் ஏன் பேரைக் கேட்டார்? ஒவ்வொரு மருந்துக்கும் மாற்று மருந்து வேற. பூட்டுக்குத் தக்க சாவி மாதிரி.

வால்வு வைக்கும்போது குழாயில ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் ஊசி போடுறாங்க. முடிஞ்சதும் தொடையில ரத்தக்கசிவு நிற்க புரோட்டமின் ஊசி போடுறதுண்டு. சில நிமிஷத்துல ஹெப்பாரின் வேலை நின்னுடும். இந்த மருந்து மீனிலிருந்து எடுப்பது. அதனால மீன் ஒத்துக்காதவங்க முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லணும்.

நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வெச்சவங்க ஆயுசுக்கும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் சாப்பிடணும். வார்ஃபரின் பிறந்த கதை மாடு வளர்க்கிற நமக்குப் புரியும். 1920-களில் அமெரிக்கா, கனடாவில் கெட்டுப்போன தீவனப்புல் தின்ன மாடுகள் ரத்தம் உறையாம செத்துச்சு. 1933-ல் ஒரு விவசாயி உறையாத ரத்தத்தை ஒரு கேனில் எடுத்துக்கிட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கார்ல் லிங்க் என்ற விஞ்ஞானியின் குழு நடத்திய ஆராய்ச்சியிலிருந்து இந்த மருந்து வந்தது. இதற்கு மாற்று வைட்டமின் கே. அது வேலை செய்ய சில மணி நேரம் ஆகும். அவசரம்னா ரத்தத்தை உறைய வைக்கிற பொருட்களையும் சேர்த்து ஏத்துவாங்க. டாபிகாட்ரான் போன்ற புது மாத்திரைக்கு வேற ஊசி.

அதுக்காக மாத்திரையை நாமே நிறுத்திடக் கூடாது சகோதரிகளே! நிறுத்தினா வால்வுல ரத்தம் கட்டி பக்கவாதம் வரலாம். எவ்வளவு குறைக்கணும், எப்போ திரும்ப ஆரம்பிக்கணும்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

நாம கவனிக்க வேண்டியவை:

* வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுறவங்க டாக்டர் சொன்ன நாளில் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை செய்யணும்.
* களியோட கீரை சாப்பிடலாம். ஆனா ஒரு வாரம் நிறைய, மறுவாரம் ஒண்ணுமே இல்லைன்னு இருக்கக் கூடாது. கீரையிலும் வைட்டமின் கே இருக்கு.
* மூட்டுவலிக்கு மருந்துக்கடையில நாமா மாத்திரை வாங்கக் கூடாது. ரத்தக்கசிவு வரலாம்.
* பல் பிடுங்கும் முன்பும், குழந்தைக்குத் திட்டமிடும் முன்பும் டாக்டரிடம் சொல்லணும். வார்ஃபரின் கருவைப் பாதிக்கும்.
* தலையில அடி, கருப்பா மலம், சிறுநீரில் ரத்தம், தாங்க முடியாத தலைவலி வந்தா உடனே 108-ஐக் கூப்பிடணும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். அடுத்த குழுக் கூட்டத்துல ஊக்குநர்கள் இதைத் தீர்மானமா எழுதணும். உறுப்பினர் வீட்டுல இந்த மாத்திரை சாப்பிடுறவங்க இருந்தா, ஒரு அட்டையில மருந்தின் பேர், அளவு, எதுக்காக, கடைசி பரிசோதனை முடிவு, டாக்டர் போன் நம்பர் எழுதி, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோட சேர்த்து வைக்கணும். எழுதத் தெரியாதவங்களுக்கு நம்ம குழுவுல படிச்ச பெண் எழுதிக் கொடுக்கட்டும். பாஸ்புக்கை எவ்வளவு பத்திரமா வைக்கிறோம்! இதுவும் அப்படித்தான்.