சிறு குப்பியில் ஒரு நொதி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"என்னப்பா வேலை பார்க்கிறே?" என்று உறவினர்கள் கேட்டால் சட்டென்று பதில் சொல்ல எனக்கு வராது. ஆய்வகங்களுக்கான நொதிகளைத் தயாரிக்கும் இடத்தில் நான் பொறியாளர். அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். அதன் பெயர் பி.டி.பி.1பி. பாஸ்படேஸ் வகையைச் சேர்ந்த மனித நொதி.

நம் உடலில் புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுவது கைனேஸ், எடுப்பது பாஸ்படேஸ். விளக்கைப் போட்டு அணைப்பது மாதிரிதான். இதைக் கண்டறிந்த ஃபிஷர், கிரெப்ஸ் இருவருக்கும் 1992-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஃபிஷரின் ஆய்வகத்தில்தான் 1988-ல் மனித நஞ்சுக்கொடியிலிருந்து 1பி பிரித்தெடுக்கப்பட்டது.

இதனால் நமக்கென்ன? இன்சுலின் வந்ததும் செல்லின் மேலுள்ள ஏற்பியில் பாஸ்பேட் ஒட்டும். சர்க்கரை உள்ளே போக வழி பிறக்கும். 1பி அந்தப் பாஸ்பேட்டை எடுத்துவிடும். 1999-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழுவினர் இந்த மரபணு இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அவற்றில் இன்சுலின் கூடுதலாக வேலை செய்தது. கொழுப்பான தீனி போட்டும் உடல் பெருக்கவில்லை. இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. 1பி-யை அடக்கும் மருந்தைப் பலரும் தேடுகிறார்கள். சர்க்கரை நோய்க்கென அனுமதி பெற்றது இன்னும் வரவில்லை. தேடுகிறவர்களுக்கு முதலில் நொதி வேண்டுமே!

அதற்கு இன்று நஞ்சுக்கொடி வேண்டாம். மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து, தொட்டியில் வளர்த்தால் அதுவே நொதியைச் செய்து தருகிறது. இதுதான் மறுசேர்க்கை முறை. நொதியின் நுனியில் ஆறு ஹிஸ்டிடின் சேர்த்துவிட்டால் நிக்கல் பத்தியில் ஒட்டிக்கொள்ளும். மற்றதெல்லாம் கழுவிப் போய்விடும்.

தயாரான நொதியை எப்படிச் சோதிப்பது? பாரா-நைட்ரோபீனைல் பாஸ்பேட் என்ற நிறமற்ற கரைசலில் விடுகிறோம். பாஸ்பேட் கழன்றதும் மஞ்சள் நிறம் வரும். வனடேட் சேர்த்தால் மஞ்சள் வராது. வனடேட் இவ்வகை நொதியைத் தடுக்கும் என்று 1982-ல் எழுதியவர்களில் ஒருவர் நம் நாட்டவர், பின்னாளில் ஹைதராபாத் சி.சி.எம்.பி.யில் ஆய்வு செய்த கன்ஷ்யாம் ஸ்வரூப். இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் வனடேட் இருக்கிறது.

காஞ்சிபுரத்தில் ஜரிகையை எடையை மட்டும் பார்த்து யாரும் வாங்குவதில்லை. ஒரு மார்க்கில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்றுதான் கேட்போம். நொதியும் அப்படித்தான். குப்பியில் எத்தனை மில்லிகிராம் என்பதைவிட, அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதே கணக்கு. 1பி வேலை செய்யும் இடத்தில் ஒரு சிஸ்டீன் உண்டு. ஆக்ஸிஜன் பட்டால் நொதி செயலிழக்கும். அதனால்தான் டி.டி.டி. சேர்த்து, மைனஸ் 80 டிகிரியில் வைக்கிறோம்.

எனக்குத் தெரிந்த ஆய்வகம் ஒன்றுக்கு வந்த பார்சல், பொங்கல் விடுமுறையில் கூரியர் கிடங்கிலேயே கிடந்தது. உலர் பனி முழுக்க ஆவியாகிவிட்டது. அளந்தால் புரதம் அப்படியே இருக்கிறது. மஞ்சள் மட்டும் வரவில்லை. அடுத்த குப்பி வரும்வரை ஒரு ஆராய்ச்சி மாணவியின் வேலை மூன்று மாதம் நின்றது. அவர் எங்கும் தவறு செய்யவில்லை.

தம்பி தங்கைகளே, அந்த மூன்று மாதத்தைக் காப்பாற்றுவது உயிரியல் படித்தவர் மட்டுமல்ல. தொட்டியின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இன்ஸ்ட்ருமென்டேஷன்காரர், உறைபெட்டி செய்யும் மெக்கானிக்கல்காரர், மின்தடைக்கு மாற்று வழி செய்யும் எலக்ட்ரிக்கல்காரர் எல்லோரும் வேண்டும். "எங்க படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒதுங்கிவிடாதீர்கள். உங்களுக்கும் அங்கே இடம் இருக்கிறது.