பெரியோருக்கு எதைக் கொடுப்போம்?

(நமது பங்கின் ஜூபிலி ஆண்டில், மூத்தோர் ஞாயிறன்று திருப்பலிக்குப் பின் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய நாளாக, 2021-ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் திருச்சபை முழுவதற்கும் ஏற்படுத்தினார். தேவதாயின் பெற்றோரான சுவக்கீன், அன்னம்மாள் திருநாளை ஒட்டி அந்த ஞாயிறு வருகிறது. இந்த நாளில் எழுபது வயது கடந்த அனைவருக்கும் பொன்னாடை போர்த்த வேண்டுமென்று நமது ஜூபிலிக் குழுவினர் ஆசைப்பட்டனர். வேண்டாம் என்று தடுத்தவர் நாமே. அதனால் சிலருக்கு மனத்தாங்கல் என்பதும் நம் காதுக்கு எட்டியது. காரணத்தைச் சொல்லும் கடமை நமக்கு உண்டு.

முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில் வயதான தாய் ஒருவர் இருந்தார். நாள் தவறாமல் காலைப் பூசைக்கு வருவார். சர்க்கரை நோயாளி; கால்கள் மரத்துப்போனவர். ஒருநாள் வீட்டு வாசற்படியில் வழுக்கி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது, படுக்கையிலிருந்து அவர் எழவேயில்லை. அடக்கத்திற்குப் பின் வீட்டார் அவரது டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது நாமும் அருகில் இருந்தோம். உள்ளே ஆறு பொன்னாடைகள், மடிப்புக் கலையாமல் இருந்தன. அவற்றுள் இரண்டு நம் கையால் போர்த்தியவை! மருமகள் அழுதுகொண்டே மூலையைக் காட்டினார். அங்கே கிடந்தது மகன் போட்டுத் தேய்த்த ஹவாய் செருப்பு. அந்தத் தாயின் பாதத்தைவிட இரண்டு விரற்கடை நீளம். அதைப் போட்டுக்கொண்டுதான் ஆண்டுக்கணக்காகக் கோயிலுக்கு நடந்து வந்திருக்கிறார். பின்வார் வைத்த ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பு போதுமானதாக இருந்திருக்கும். நற்கருணை வாங்க வரும் ஒவ்வொரு நாளும் அவர் நாவைப் பார்த்தோம், கூப்பிய கையைப் பார்த்தோம். ஒருநாளேனும் காலைப் பார்த்தோமில்லை.

அன்று முதல் பொன்னாடை என்றாலே நமக்குக் கூச்சமாயிருக்கிறது.

வயதானவருக்குப் பரிசு வாங்கப் போகிறவர் முதலில் கடைக்குப் போகிறார். அதுதான் தவறு. முதலில் போக வேண்டிய இடம் அந்தப் பெரியவரின் கட்டிலோரம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் போதும். முன்பு செய்துவந்து, இப்போது எதை விட்டுவிட்டார் என்று கவனியுங்கள். செபப்புத்தகம் தலைமாட்டில் இருக்கிறது, ஆனால் விரிப்பதில்லை; கண்ணாடியின் பவர் மாறி நாளாகிவிட்டது. மகன் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய காது மிஷின் டப்பாவில் தூங்குகிறது; பேட்டரி தீர்ந்துவிட்டது, அந்தப் பொட்டுப் போன்ற பேட்டரியை மாட்ட அவர் விரலுக்கு வலுவில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போக அச்சம். இவருக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலும் இனிப்புப் பெட்டியும் எதற்கு? கட்டிலருகே ஒரு ஜீரோ வாட் பல்பும், கழிப்பறைச் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பியும் போட்டுக்கொடுங்கள். தனக்குக் கம்பி போட்டுத் தரும்படி எந்தத் தாயும் வாய்திறந்து கேட்கமாட்டாள். பட்டுச் சேலையின் கனம் அவருக்கு முடியாது. தோய்த்து நைந்த சுங்குடிதான் உடம்புக்கு இதம் என்பதும் உட்கார்ந்து பேசினால்தான் தெரியும்.

1983 முதல் தமிழக அரசு ஏழைகளுக்குப் பொங்கல் வேட்டி சேலை கொடுத்துவருகிறது. இலட்சக்கணக்கானோருக்குக் கொடுக்கும் அரசால் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கொடுக்க இயலாது; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தெருவில் குடியிருக்கும் நாமும் ஏன் அப்படியே கொடுக்க வேண்டும்?

நம் பாட்டிமார் சின்னப்பர் என்று அழைக்கும் பவுலடியார், முதுமையில் சிறையிலிருந்து திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் நான்காம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். உயர்ந்த உபதேசங்களுக்கு நடுவே சாதாரணமான ஒரு வேண்டுகோள் இருக்கிறது. துரோவாவில் கார்ப்பு என்பவர் வீட்டில் விட்டுவந்த போர்வை வேண்டும். தம்முடைய நூல்கள், முக்கியமாகத் தோற்சுருள்கள் வேண்டும். குளிர்காலத்துக்கு முன்னே நீயும் வந்து சேர வேண்டும். குருமடத்தில் படித்த காலத்தில் இந்த வரிகளை வேகமாகத் தாண்டிப்போனோம். ஐம்பதைக் கடந்தபின் அவற்றில் நின்றுவிடுகிறோம். புதுப் போர்வை அவர் கேட்கவில்லை பாருங்கள். தம் உடம்புக்குப் பழகிய பழைய போர்வையைக் கேட்கிறார். அதை யார் கையிலாவது கொடுத்தனுப்பு என்றும் எழுதவில்லை. உன் கையால் கொண்டுவா என்கிறார்.

நமது வேப்பம்பட்டில் ஓய்வுபெற்றோர் பலர். ஆவடி டாங்கித் தொழிற்சாலை, 1955-இல் தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எப்., அம்பத்தூர்க் கம்பெனிகள் என்று முப்பது நாற்பது ஆண்டு மின்சார ரயிலில் போய்வந்தவர்கள். அவர்களில் ஒருவரை என்ன வேண்டும் என்று கேட்டோம். தம்மோடு ஒரே ஷிப்டில் வேலைசெய்த நண்பர் ஆவடியில் படுக்கையாக இருக்கிறாராம். அவரை ஒருமுறை பார்க்க வேண்டுமாம். ஆவடி எத்தனை தொலைவு? ஆனால் நிலையத்துப் படிகளை அவரால் தனியே ஏற முடியாது. பிள்ளைகள் ஆளுக்கொரு சட்டைத் துணி எடுத்துத் தருகிறார்கள்; அழைத்துப்போக ஒருவருக்கும் நாளில்லை. வேளாங்கண்ணிக்குப் போக ஏங்கும் தாய்மாரும் அப்படித்தான். இரயிலில் மூத்தோருக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதிலிருந்து பலர் அந்தப் பேச்சையே விட்டுவிட்டனர். டிக்கெட் எடுங்கள், இரண்டு டிக்கெட்டாக எடுங்கள். செப்டம்பர் எட்டாம் நாள் கூட்டத்தில் அவர்களைத் தள்ளாமல், கூட்டமற்ற ஒரு மாதத்தில் கூட்டிப்போங்கள்.

"சாமி, எங்களிடம் பணமில்லையே" என்பவர்களுக்கு ஒரு சொல். பக்கத்துத் திருநின்றவூரில் பூசலார் என்ற அடியார் இருந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. கையில் காசில்லை, நாள் நாளாக மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார். காஞ்சியில் அரசன் எழுப்பிய கற்கோயிலின் குடமுழுக்கு அதற்காகத் தள்ளிவைக்கப்பட்டதாம். நம் அயலூர்க்காரரிடம் நாமும் கற்றுக்கொள்வதில் வெட்கமில்லை.

நமது திருச்சபையிலோ புனித ழான் ஜுகான் இருக்கிறார். பிரான்சு நாட்டின் சென் செர்வான் ஊரில் உழைத்துப் பிழைத்த ஏழைப் பெண். 1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பார்வையிழந்த மூதாட்டி ஒருவரை வீட்டுக்குத் தூக்கிவந்து, தம் கட்டிலில் கிடத்திவிட்டு, தாம் பரணில் படுத்துக்கொண்டார். அந்தக் கட்டிலிலிருந்து பிறந்ததுதான் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை; சென்னைச் சேத்துப்பட்டிலும் அவர்களது முதியோர் இல்லம் உண்டு. அதே ழான் ஜுகானைத் தலைமையிலிருந்து விலக்கிவைத்தார்கள். கடைசி 27 ஆண்டுகள் மடத்தின் ஒரு மூலையில் வாழ்ந்து 1879-இல் மரித்தார். சபையைத் தொடங்கியவர் இவர்தான் என்பது உடனிருந்த இளம் கன்னியர் பலருக்கே தெரியாது. முதியோரை மறப்பதற்குத் துறவு மடமும் விலக்கல்ல. 2009-இல்தான் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

இனிச் சொல்லப்போவது சற்றுக் கசக்கும். பெற்றோருக்குச் செலுத்த வேண்டியதைக் கொர்பான், அதாவது கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டவர்களை நம் ஆண்டவர் கண்டித்ததை மாற்கு ஏழாம் அதிகாரத்தில் காண்கிறோம். ஜூபிலி நிதிக்குப் பலர் தாராளமாகக் கொடுத்திருக்கிறீர்கள், நன்றி. ஆனால் தாய்க்குக் கண்ணாடி மாற்றாமல், தகப்பனுக்குப் பல்செட் கட்டாமல் இங்கே நன்கொடை எழுதியவர் யாரேனும் இருந்தால், அறைவீட்டுக்கு வந்து அந்தப் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகையில் பெயர் அப்படியே இருக்கும். கணக்கரிடம் சொல்லிவிட்டோம்.

ஒன்று மறந்தோம். பெரியவர்களுக்கு வாங்கிக்கொள்வது மட்டும் பிடித்தமல்ல, கொடுப்பதும் வேண்டும். நாமறிந்த ஒரு மருமகள் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் வங்கியில் புதுப் பத்து ரூபாய்க் கட்டு ஒன்று வாங்கி மாமியார் தலையணைக்கடியில் வைத்துவிடுவார். ஆசீர் வாங்க வரும் பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் அந்தக் கிழவி தம் கையால் ஒவ்வொரு நோட்டாக எடுத்துக் கொடுப்பார். அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பொன்னாடைக்கு ஒதுக்கிய தொகை அப்படியே இருக்கிறது. வருகிற ஞாயிறு முதல் மாதா சபையாரும் இளைஞர்களும் இருவர் இருவராக வீடுகளுக்கு வருவார்கள். இரயில் பாதைக்கு அப்பாலுள்ள வீடுகளிலிருந்து தொடங்குவார்கள். ஒரு மணி நேரம் உட்காருவார்கள். காப்பி, பலகாரம் வேண்டாம். செருப்பு அளவெடுக்க வெள்ளைத்தாளும் பென்சிலும் அவர்களே கொண்டுவருவார்கள்.