ஊர் விட்டுச் செல்வோரின் இரவுப் பொழுது

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால்.



மருதமுனை தொடக்கம் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஈறாக நீண்டு கிடக்கும் நமது கரையோர ஊர்களிலிருந்து கொழும்பு நோக்கி இரவு பஸ் வண்டிகள் புறப்படுகின்றன. முந்நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான அப்பயணத்தை இரவோடிரவாகக் கடந்து, விடியும் நேரத்தில் நம் பிள்ளைகள் தலைநகரில் இறங்குகிறார்கள். அவர்களுள் சிலர் அங்கே படிக்கிறார்கள். சிலர் தொழில் பார்க்கிறார்கள். இன்னுஞ் சிலர் அங்கிருந்து விமானமேறி கட்டாருக்கும் சவூதிக்கும் டுபாய்க்கும் போய்விடுகிறார்கள். பயணம் சொல்லி அனுப்பும் வேளையில் பெற்றோர் உணவைப் பற்றிப் பேசுகிறார்கள், காசைப் பற்றிப் பேசுகிறார்கள், தொழுகையை நினைவூட்டுகிறார்கள். ஆனால், பகல் வேலை முடிந்து விளக்கேற்றிய பிறகு அந்தப் பிள்ளை யாரோடு இருக்கப் போகிறது என்பதை எத்தனை பேர் கேட்கிறோம்? இன்றைய உரையில் அந்த இரவுப் பொழுதைப் பற்றியே உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் நமது ஊரின் இரவை எண்ணிப் பாருங்கள். மஃரிப் தொழுகை முடிந்ததும் கடைத் தெரு கலகலக்கிறது. கொத்துரொட்டி போடும் ஓசை கேட்கிறது. தேநீர்க் கடை வாங்கில் நான்கு பேர் நாட்டு நடப்பைப் பேசுகிறார்கள். கடற்கரையில் மீனவர் வாடிகளுக்கு அருகே வாலிபர்கள் காற்று வாங்குகிறார்கள். ஓரிடத்தில் கலியாண வீடு. வேறோரிடத்தில் மௌத்து வீடு. இரண்டிலும் ஊர் கூடுகிறது. றமழான் வந்துவிட்டாலோ தராவீஹ் தொடங்கி ஸஹர் வரையில் தெருக்கள் உறங்குவதேயில்லை. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் கொடியேற்றம் நடைபெறும் காலத்தில் அந்தக் கரையே கடைகளாலும் விளக்குகளாலும் நிறைந்துவிடுவதை நாம் அறிவோம். ஆகவே, இரவு வாழ்க்கை என்பது பெருநகரத்துக்கு மட்டுமே உரிய ஒன்று என்று எண்ண வேண்டாம். நமக்கும் ஓர் இரவு வாழ்க்கை உண்டு.

ஆனால், அந்த இரவுக்கு ஒரு தனித் தன்மை உண்டு. அதில் நாம் சந்திக்கும் ஒவ்வொருவரும் நம்மை அறிந்தவர். “இவன் இன்னாருடைய மகன், இன்ன குடியைச் சேர்ந்தவன்” என்று தேநீர்க் கடைக்காரருக்குத் தெரியும். பள்ளிவாயலில் ஒவ்வொரு குடிக்கும் மரைக்காயர் இருந்து, அக்குடும்பங்களின் நன்மை தீமைகளில் முன்னின்ற ஒழுங்கு நமது கரைக்குரிய பழைய மரபு. நள்ளிரவில் ஒரு வாலிபன் சந்தியில் நின்றால், மறுநாள் ஸுபஹுக்கு முன்னரே அச்செய்தி அவனது உம்மாவின் காதுக்கு எட்டிவிடும். அது சில வேளை நமக்குத் தொல்லையாகத் தோன்றும். என்றாலும், அந்தக் கண்கள்தாம் நம்மில் பலரைப் படுகுழிகளில் விழாமல் தடுத்தன.

இனிக் கொழும்பின் இரவைப் பாருங்கள். மருதானையிலோ தெமட்டகொடையிலோ வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ ஓர் அறையில் மூவர் நால்வராக நம் பிள்ளைகள் தங்குகிறார்கள். வேலை முடிந்து திரும்பும்போது அறை புழுங்குகிறது. வெளியே வந்தால் நகரம் ஒளி வெள்ளத்தில் மிதக்கிறது. அங்கே நல்லனவும் உண்டு. காலிமுகத்திடலில் குடும்பம் குடும்பமாக மக்கள் கடற்காற்று வாங்குகிறார்கள். இறால் வடை விற்போர் கூவுகிறார்கள். பள்ளிவாயல்களில் மார்க்க வகுப்புகள் நடக்கின்றன. மாலை நேரக் கல்வி நிலையங்கள் திறந்திருக்கின்றன. அதே நகரத்தில், அதே நேரத்தில், மதுச்சாலைகளும் சூதாட்ட நிலையங்களும் களியாட்ட விடுதிகளும் கதவு திறந்து வைத்திருக்கின்றன. எந்த வாசலில் நுழைந்தாலும் “நீ யாருடைய மகன்?” என்று கேட்பார் அங்கே இல்லை.

சகோதரர்களே! இந்த இடத்தில்தான் ஒரு கேள்வி நம் முன் எழுகிறது. ஊரில் நம்மைக் காத்தது நமது இறையச்சமா? அல்லது ஊராரின் கண்ணா? ஊரில் இருக்கும் வரையில் இக்கேள்விக்கு நாம் விடை கூற வேண்டிய தேவை ஏற்படுவதில்லை. அறிந்தவர் எவருமில்லாத ஒரு தெருவில் இரவு பத்து மணிக்குத் தனியே நிற்கும்போதுதான் அவனவன் உள்ளம் அவனவனுக்குத் தெரிய வருகிறது. நம்மை அறிந்த மனிதர் எவரும் அங்கில்லை. ஆனால் நம்மை அறிந்த இறைவன் அங்கும் இருக்கிறான். இதை உணர்ந்த வாலிபனுக்கு அந்த இரவே ஈமானின் பள்ளிக்கூடமாக அமைந்துவிடும்.

எனினும், இறையச்சம் ஒன்றைச் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. மனிதன் துணை தேடும் இயல்புள்ளவன். தவறான இடங்களுக்குப் போகும் வாலிபர்களுள் பலர் பாவத்தை விரும்பிப் போவதில்லை. தனிமை தாங்காமலே போகிறார்கள். சிரித்துப் பேசும் முதல் மனிதன் எவனோ அவனே அவர்களுக்கு நண்பனாகிவிடுகிறான். முதல் சிகரட்டும், முதல் கடனும், இன்று நம் ஊர்களையே அச்சுறுத்தும் ஐஸ் போதைப்பொருளும் பெரும்பாலும் ஒரு நண்பனின் கையாலேயே வந்து சேருகின்றன.

நபி (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத்தை இக்கண்ணோட்டத்தில் சற்று நோக்குங்கள். கி.பி. 622இல் மக்காவைத் துறந்து மதீனா வந்த முஹாஜிர்கள் ஒரு புதிய நகருக்குக் குடிபெயர்ந்தவர்களே. அவர்களுள் அபூபக்ர் (ரழி) அவர்களையும் பிலால் (ரழி) அவர்களையும் காய்ச்சல் வாட்டியது. காய்ச்சல் தணியும்போதெல்லாம் பிலால் (ரழி) அவர்கள், மக்காவின் பள்ளத்தாக்கில் ஓர் இரவேனும் மீண்டும் தங்கக் கிடைக்குமா என்று ஏங்கிக் கவி பாடியதாக ஹதீஸ் கிரந்தங்கள் கூறுகின்றன. சுடுமணலில் சித்திரவதை செய்யப்பட்ட ஊர் அது! அந்த ஊரின் இரவுக்காகவும் உள்ளம் ஏங்கியது. நபியவர்கள் அந்த ஏக்கத்தைக் குறையாகக் கருதவில்லை. மதீனாவையும் தம் தோழர்களுக்கு விருப்பமானதாக்கி வைக்குமாறு இறைவனிடம் இறைஞ்சினார்கள்.

துஆவோடு அவர்கள் நின்றுவிடவுமில்லை. பள்ளிவாயலைக் கட்டினார்கள். வந்தவர் ஒருவரையும் உள்ளூர்வாசி ஒருவரையும் சகோதரர்களாகப் பிணைத்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களுக்கு ஸஃத் இப்னு ரபீஃ (ரழி) அவர்கள் சகோதரரானார்கள். தமது செல்வத்தில் பாதியைத் தர அவர் முன்வந்தார். வந்தவரோ அதற்காக துஆச் செய்துவிட்டு, சந்தைக்குப் போகும் வழியை மட்டும் கேட்டார். நெய்யும் பாலாடைக் கட்டியும் விற்றுத் தம் காலில் நின்றார். வரவேற்பவரின் பெருந்தன்மைக்கும் வருபவரின் தன்மானத்துக்கும் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறுண்டா?

நமது கரையோர மரபிலும் இதன் சாயல் உண்டு. இங்கே திருமணம் முடிந்ததும் மணமகன் தன் உம்மாவின் வீட்டை விட்டு மனைவியின் வீட்டுக்குக் குடிபெயர்கிறான். ஒரு வகையில் இக்கரையின் ஆண்கள் பெரும்பாலானோர் இவ்வாறு ஒரு முறை இடம்பெயர்ந்தவர்களே. அவன் அங்கே தனித்துப் போவதில்லையே, ஏன்? மாமனார் வீட்டார் அவனை ஏற்கிறார்கள், மச்சான்மார் துணையாகிறார்கள், அவனை ஒரு வீட்டார் மற்றொரு வீட்டாரிடம் கையளிக்கிறார்கள். பக்கத்துத் தெருவுக்கே இவ்வளவு ஏற்பாட்டோடு அனுப்பும் நாம், பதினெட்டு வயதுப் பிள்ளையைக் கொழும்புக்கு ஒரு பயணப் பையோடு மட்டும் அனுப்பிவிடலாமா?

உலகில் மற்றைய சமூகங்களும் இத்தேவையை உணர்ந்து செயற்பட்டிருக்கின்றன. இலண்டன் நகரில் 1844ஆம் ஆண்டு, நாட்டுப்புறத்திலிருந்து வந்து துணிக்கடையொன்றில் தொழில் பார்த்த ஜோர்ஜ் வில்லியம்ஸ் என்ற இளைஞர், தம்மைப் போன்ற ஊழியர்களுக்கு வேலை முடிந்தபின் தெருவையும் மதுச்சாலையையும் தவிர வேறு போக்கிடம் இல்லாதிருப்பதைக் கண்டார். நண்பர் சிலரைச் சேர்த்து அவர் தொடங்கியதே இன்று உலகெங்கும் பரவியுள்ள வை.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ வாலிபர் சங்கம்.

நம் நாட்டில் அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களை நன்றியோடு நினைவுகூர வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிமாகிய அவர், இரண்டாம் உலக யுத்த காலமான 1942இல் கல்முனைக்கு அரச அதிகாரியாக வந்தார். அவரும் நமது கரைக்கு ஒரு புதியவரே. இங்குள்ள மக்களோடு நெருங்கிப் பழகி, கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1945இல் வசதியற்ற மாணவருக்கெனப் புலமைப்பரிசில் நிதியம் உருவாக அவரே முன்னின்றார். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராக விளங்கினார். 1950இல் அகில இலங்கை முஸ்லிம் வாலிபர் சங்கப் பேரவை உருவாகவும் அவரே வழிகோலினார். பிள்ளைகளைப் படிக்க அனுப்பினால் மட்டும் போதாது, வாலிபர் கூடிப் பழக நல்லதோர் இடமும் வேண்டும் என்ற பாடத்தை அவரது பணிகளிலிருந்து நாம் பெறலாம்.

பெற்றோர்களே! உங்களோடு சற்று மனம் விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. இரவைப் பற்றிய உங்கள் அச்சத்துக்குத் தகுந்த காரணம் உண்டு. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாயல்களில் இஷாத் தொழுகையில் நின்றோர் சுட்டுக் கொல்லப்பட்டதை மறக்க முடியாது. 2009இல் யுத்தம் முடியும் வரையில், இருட்டும் முன்னர் பிள்ளைகள் வீடு சேர்ந்துவிட வேண்டும் என்று தவித்த தலைமுறை உங்களுடையது. ஆனால், உங்கள் பிள்ளை இன்று சந்திக்கும் இரவு வேறு. அன்று ஆபத்து வெளியிலிருந்து வந்தது. கதவை அடைத்தால் ஓரளவு காவல் கிடைத்தது. இன்று கைத்தொலைபேசி வழியே அது படுக்கைக்கே வருகிறது. கதவை அடைத்துப் பயனில்லை.

அதேபோன்று, வாப்பா 1990களில் உழைத்த சவூதியை மகனும் காண்பான் என்று எண்ணிவிடாதீர்கள். 2018இல் அங்கே திரையரங்குகள் மீண்டும் திறக்கப்பட்டன. 2019 முதல் ரியாத் நகரில் பெரும் கேளிக்கை விழாக்கள் நடைபெறுகின்றன. “அது முஸ்லிம் நாடு, அங்கே பிள்ளை கெட மாட்டான்” என்று நிம்மதியாக உறங்கிவிடவும் முடியாது. “கொழும்பு கெட்ட நகரம், அங்கே போனால் பிள்ளை கெட்டுவிடுவான்” என்று தடுத்துவிடவும் முடியாது. எந்த நகரமாயினும் பிள்ளையின் அருகில் இருப்பவர் யார் என்பதே கவலைக்குரிய வினா.

ஆகவே, அறை பார்க்கும்போது வாடகையை மட்டும் பாராமல், நடந்து போகும் தூரத்தில் பள்ளிவாயல் உண்டா, கூட இருப்போர் யார் என்பதையும் பாருங்கள். அங்கு வாழும் உறவினர் ஒருவரிடம், அல்லது நம்பிக்கையான ஊரவர் ஒருவரிடம், பெயர் சொல்லிப் பிள்ளையைக் கையளியுங்கள். தொலைபேசியில் “சாப்பிட்டாயா? தொழுதாயா? காசு அனுப்பினாயா?” என்ற மூன்று வினாக்களோடு முடித்துவிடாதீர்கள். இன்று யாரோடு பேசினாய், எது உனக்குக் கஷ்டமாக இருந்தது என்றும் கேளுங்கள். தவறி விழுந்தாலும் “உம்மா, நான் விழுந்துவிட்டேன்” என்று சொல்லக்கூடிய தைரியத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள். ஏச்சுக்குப் பயந்து மறைக்கப்படும் சிறு தவறே பிற்காலத்தில் பெருந்துயராக வளர்கிறது.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல்கலைக்கழகத்துக்கும், ஆசிரியப் பணிக்கும், தாதியர் தொழிலுக்கும் ஊர் விட்டுச் செல்லும் நம் சகோதரிகள் மாலை ஆறு மணிக்குப் பின் அறைக்குள்ளேயே இருந்துவிட்டால் அனைத்தும் பாதுகாப்பு என்று எண்ணுகிறோம். நான்கு சுவருக்குள் வாடும் தனிமையும் ஒரு துன்பந்தான். நல்ல தோழியர் வட்டமும், அவ்வப்போது அழைத்து உணவளிக்கும் ஒரு குடும்பமும் அவர்களுக்கும் வேண்டும்.

வாலிபச் சகோதரர்களே! இஷாவுக்கு முன் உறங்குவதையும் அதன் பின் வீண் பேச்சில் மூழ்குவதையும் நபியவர்கள் விரும்பவில்லை. எனினும், சமூகத்தின் காரியங்கள் குறித்து அபூபக்ர் (ரழி) அவர்களோடு அவர்கள் இரவில் உரையாடியதுண்டு. கல்விக்காகவும், விருந்தினருக்காகவும், குடும்பத்தாருக்காகவும் இரவில் விழித்திருந்து பேசுவதற்கு இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது கிரந்தத்தில் தனித் தலைப்புகளே அமைத்திருக்கிறார்கள். ஆகவே, மார்க்கம் உங்களிடம் கேட்பது ஊமை இரவை அன்று, பயனுள்ள இரவைத்தான். புதிய நகரில் இஷாத் தொழுகைக்கு ஒரு பள்ளிவாயலை உங்களுடையதாக்கிக் கொள்ளுங்கள். நான்கு நாள் ஒரே ஸஃப்பில் நின்றால் ஐந்தாம் நாள் ஒருவர் உங்கள் பெயரைக் கேட்பார். வாரத்தில் இரண்டு மாலைகளையேனும் ஒரு மொழிக்கோ, தொழிற் கல்விக்கோ, விளையாட்டுக்கோ ஒதுக்குங்கள். சிங்களச் சகோதரரோடும் தமிழ்ச் சகோதரரோடும் கண்ணியமாகப் பழகுங்கள். நல்லவர் எச்சமூகத்திலும் உள்ளனர்.

நிறைவாக, ஊரிலேயே இருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1990களின் நடுப்பகுதியில் தொடங்கப்பட்டது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் பல இன, மத மாணவர்கள் நம் கரைக்கு வருகிறார்கள். கொழும்பில் நம் பிள்ளை எப்படியோ, அப்படியே இங்கு அவர்கள். அவர்களின் மாலைப் பொழுது எப்படிக் கழிகிறது? அவர்களுள் ஒருவரையேனும் நாம் பெயர் சொல்லி அறிவோமா? நம் பிள்ளைக்கு அங்கே ஒரு கதவு திறக்க வேண்டும் என்று துஆச் செய்யும் நாம், இங்கே நமது கதவைத் திறந்து வைத்திருக்கிறோமா? அன்ஸாரிகளை வியந்து பேசுவது எளிது. அடுத்த தெருவில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் ஒரு மாணவனை இரவு உணவுக்கு அழைப்பதில்தான் அந்த வியப்பு அமலாகிறது.

ஊர் விட்டுச் சென்றுள்ள நம் பிள்ளைகளின் இரவுகளை வல்ல அல்லாஹ் அமைதியானவையாகவும் பயனுள்ளவையாகவும் ஆக்குவானாக! அவர்களுக்கு நல்ல தோழர்களை அருள்வானாக! நம்மிடம் வருவோரை அரவணைக்கும் உள்ளத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.