பழைய நோயை மறைக்காமல் சொல்வோம்



இந்த மண்டபத்தில் படித்த நாட்களில் 'மார்பகம்' என்ற சொல்லை உரத்துச் சொல்ல நாம் கூச்சப்பட்டோம். நாற்பது வயது தாண்டியும் அந்தக் கூச்சம் நம்மை விடவில்லை.

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுப் பல வருடங்கள் சென்றபின், அரிதாக அது இரைப்பையிலோ குடலிலோ தலைகாட்டலாம். பாற்சுரப்பிச் சோணைகளில் தொடங்கும் 'லொபியூலர்' வகையிலேயே இது கூடுதலாக நிகழ்கிறது. பசியின்மை, சிறிது உண்டதும் வயிறு நிரம்புதல், வாந்தி, மெலிவு என்பன அறிகுறிகள். நாமோ 'காஸ்ட்ரைட்டிஸ்' என்று குளிசை போட்டுக்கொண்டு இருந்துவிடுகிறோம்.

இக்கலங்கள் இரைப்பையின் உட்படைக்குக் கீழே பரவுவதால், கமராக் குழாய்ப் பரிசோதனையிலும் மேற்பரப்பு சாதாரணமாகத் தோன்றலாம். பழைய நோயைச் சொன்னால், வைத்தியர் ஆழமாக இழையம் எடுத்து ஈஸ்ட்ரஜன் ஏற்பிகளையும் சோதிப்பார். இரைப்பையிலேயே தொடங்கிய புற்றுநோய் என்று எண்ணிவிட்டால், தேவையற்ற சத்திரசிகிச்சை நேரலாம். மார்பகத்திலிருந்து வந்ததென்றால் பெரும்பாலும் ஹோர்மோன் சிகிச்சை போன்ற மருந்துகளே முதல் வழி.

ஒவ்வொரு வயிற்று வலியும் புற்றுநோயல்ல, அஞ்சவேண்டாம். ஆனால் எத்தனை வருடமானாலும் கிளினிக் கொப்பியை எறியாமல் வைத்திருப்போம். வைத்தியர் கேட்காவிட்டாலும் நாமே முதலில் சொல்வோம். கையுயர்த்திப் பேசப் பழக்கிய பாடசாலை அல்லவா இது!