கொழுந்தை நிறுக்கும் வகுப்பறை
(பெற்றோர் கூட்டமொன்றில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



“பிள்ளையின் கொப்பியில் ஒன்றுமே இல்லை. டீச்சர் வெளியே கூட்டிப்போய் இலை பொறுக்க வைக்கிறார்.” இந்த முறைப்பாடு நமது தோட்டக் கமிட்டிகளுக்கும் வருகிறது. அந்த டீச்சர் பாடத்தைத்தான் நடத்துகிறார் என்று சொல்லவே வந்திருக்கிறோம்.

தரம் 1 முதல் 5 வரை விஞ்ஞானம் தனிப்பாடம் இல்லை. ‘சுற்றாடல்சார் செயற்பாடுகள்’ என்ற பாடத்துக்குள்தான் அது இருக்கிறது. தரம் 6இல் தனிப்பாடமாகிறது. அதற்குள் பார்த்து, அளந்து, கேள்வி கேட்டுப் பழகாத பிள்ளைக்கு விஞ்ஞானமும் பாடமாக்கி ஒப்புவிக்கும் இன்னொரு புத்தகமாகிவிடும்.

நமக்குத் தெரிந்த கொழுந்தையே எடுப்போம். மழை நாளில் மடுவத்தில் ஈரத்துக்கென்று நிறையில் கழிக்கிறார்கள். உண்மையில் எவ்வளவு ஈரம்? நனைந்த கொழுந்தைப் பிள்ளைகள் நிறுக்கட்டும். அதற்கு முன் ஒவ்வொருவரும் தன் ஊகத்தை எழுதி வைக்கட்டும். பிறகு துணியால் ஒற்றித் துடைத்து மறுபடி நிறுக்கட்டும். கழித்துப் பார்ப்பது கணிதம். வேறொருவர் வாசித்து அதேபோல் செய்யும்படி எழுதுவது தமிழ். ஒரு குழுவுக்கு ஒரு விடை, அடுத்த குழுவுக்கு வேறு விடை வரும். ஏன் என்று அவர்கள் வாதாடும் அந்த நேரம்தான் பாடத்தின் உயிர். அதைச் சத்தம் என்று அடக்கக்கூடாது. அதே கொழுந்தை நாலு நாள் காயவிட்டால் அடுத்த கேள்வி பிறக்கும். 1 கிலோ தேயிலைக்கு 4 கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டுமே, மிச்சம் எங்கே போனது?

“மறுபடியும் கொழுந்தா? மலைக்குப் போகக்கூடாது என்றுதானே படிக்க வைக்கிறோம்” என்று ஒரு தாய் கேட்கலாம். நியாயமான கோபம். கொழுந்து வேண்டாமென்றால் லயத்துக்குப் பின்னால் ஓடும் கான் தண்ணீரை எடுங்கள், பீலித் தண்ணீரை எடுங்கள். “உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்கப் பழகுவதே வேண்டியது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கப்போகும் பிள்ளைக்கும் அது வேண்டும், தராசுக்கு முன் நிற்கும் தொழிலாளிக்கும் வேண்டும்.

புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றிய பயம் நமக்கும் புரிகிறது. ஆனால் ஐந்து வருடப் படிப்பும் அந்த வினாத்தாளுக்காகவே என்றால் நாம் ஏற்கமாட்டோம்.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஆரம்பப் பிரிவுக்கு ஒரு தராசு, ஒரு வெப்பமானி, சில உருப்பெருக்கிக் கண்ணாடிகள் கேளுங்கள். கொழுந்தெடுக்கும் தாய் ஒருவரை வகுப்புக்கு அழைக்கச் சொல்லுங்கள். எந்தத் தளிரை எடுப்பது, எதை விடுவது என்று அவரைவிட யார் சொல்வார்? தராசு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு தடி, கொஞ்சம் நூல், இரண்டு சிரட்டை, எடைக்கல்லுக்கு ஒரே அளவான ஆணிகள். இவ்வளவும் நமது லயங்களிலேயே இருக்கின்றன.