மதிப்பெண் பட்டியலும் மாணவர் திரட்டும்
(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வயலை எட்டிப் பாராமல், களத்து மேட்டில் மூட்டையை மட்டும் எண்ணும் விவசாயி நம் காவிரிப் பாசனத்தில் எவருமில்லை. நட்ட பயிர் பச்சை பிடித்ததா, தூர் கட்டியதா, பூச்சி விழுந்ததா என்று வரப்பில் நின்று பார்க்கிறோம். பார்ப்பதால்தான் உரிய காலத்தில் களையெடுக்கவும் உரமிடவும் முடிகிறது. பிள்ளைகளின் படிப்பை மட்டும் ஆண்டிறுதித் தேர்வு என்னும் களத்து மேட்டில் நின்றே அளந்து பழகிவிட்டோம். அப்போது குறை தெரிந்து என்ன பயன்?

இக்குறையைப் போக்க வந்த வழிகளுள் ஒன்று மாணவர் திரட்டு. ஆங்கிலத்தில் இதனைப் போர்ட்ஃபோலியோ என்பர். பிள்ளை எழுதிய கட்டுரை, போட்ட கணக்கு, வரைந்த படம் ஆகியவற்றைத் தேதியிட்டு ஒரே கோப்பில் சேர்த்து வைப்பதே திரட்டு. ஜூன் மாதத்துக் கோணல் எழுத்தும் மார்ச் மாதத்துத் திருந்திய எழுத்தும் அதில் அடுத்தடுத்து இருக்கும். அது நம் பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதில்லை. நேற்றைய தன்னோடு ஒப்பிடுகிறது.

நம் மாநிலத்திற்கு இது முற்றிலும் புதிதன்று. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003ல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08ல் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. வகுப்பறையில் கம்பிப் பந்தல் கட்டி, பிள்ளைகளின் கைவேலைகளை அதில் தொங்கவிட்டனர். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீடு வேண்டும் என்றது. அதையொட்டி 2012-13ல் எட்டாம் வகுப்பு வரை வந்த முறையில், பருவத் தேர்வுக்கு 60 மதிப்பெண். வகுப்பறைச் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் 40 மதிப்பெண்.

திரட்டின் வலிமைக்கு நம் கும்பகோணமே சாட்சி. கணித மேதை இராமானுஜன் 1904ல் அங்குள்ள அரசு கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி, மற்றப் பாடங்களில் தேறாமல் அத்தொகையை இழந்தார். பின்னர் சென்னையில் படித்தும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி கிட்டவில்லை. அவர் கையில் இருந்தவை, தாம் கண்ட முடிவுகளை எழுதி வைத்த நோட்டுகளே. 1910ல் வேலை கேட்டுச் சென்றபோது, டெப்டி கலெக்டர் இராமசாமி ஐயரிடம் அவற்றைக் காட்டினார். ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர். நோட்டைக் கண்டதும் ஆளை அறிந்துகொண்டார். அங்கிருந்து தொடங்கிய பயணம் 1914ல் கேம்பிரிட்ஜ் சேர்ந்தது. 1918ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது.

தேர்வு மூடிய கதவை நோட்டு திறந்தது உண்மை. ஆனால் அதைப் படித்தறிய ஒருவர் இருந்ததால்தான் திறந்தது! படிப்பார் இல்லாத திரட்டு வெறும் காகிதக் கட்டு.

இன்று அந்த ஆபத்து நம் முன்னே நிற்கிறது. கடையில் வாங்கிய சார்ட்டும், அண்ணன் வரைந்த படமும், கணினி மையத்தில் அச்செடுத்த பக்கங்களும் கோப்பில் ஏறுகின்றன. பார்வைக்கு அழகுதான், ஆனால் பிள்ளை அதில் இல்லை. வசதியுள்ளவர் காசு கொடுத்து வாங்குவார். கூலி வேலைக்குச் செல்லும் தாயின் பிள்ளை கைவேலையோடு வந்து, மதிப்பெண்ணில் பின்தங்கி நிற்கும். ஏழைப் பிள்ளைக்குத் துணையாக வந்த முறையே அதற்கு எதிராகத் திரும்பலாமா?

ஆகவே பெற்றோரே, பிள்ளையின் வேலையை நீங்கள் செய்து கொடுக்க வேண்டாம். அடித்தல் திருத்தலோடு இருக்கட்டும். பழைய தவறுள்ள தாளைக் கிழித்தெறியவும் வேண்டாம். அதுவே வளர்ச்சிக்கு அளவுகோல். ஆசிரியர்களாகிய நாங்களும் வெறும் கையெழுத்திட்டு நகராமல், எது தேறியது, எது தேற வேண்டும் என்று ஒரு வரியேனும் எழுதக் கடமைப்பட்டுள்ளோம்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் தயங்க வேண்டாம். மாதம் ஒருமுறை பிள்ளையை அருகில் அமர்த்தி, கோப்பைப் பிரித்து, "இதை வாசித்துக் காட்டு, இதை எப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் கற்றிருக்கிறது; திணறினால் உடனே எங்களிடம் வாருங்கள். பயிர் வயலில் நிற்கும்போதே பார்ப்போம். அறுவடையும் நன்றாக அமையும்.